ஐஸ்கிரீம் டப்பாவும் அரபி நோயாளியும்

மருத்துவமனையின் காத்திருப்பு அறை. நோயாளியின் கையில் ஓர் ஐஸ்கிரீம் டப்பாவின் பின்பக்கச் சீட்டைக் கொடுக்கிறார்கள். ஐஸ்கிரீம் கிடையாது, சீட்டு மட்டும்தான். ஒரு முறை சாப்பிடும் அளவு அரைக் கோப்பை, டப்பாவில் அப்படி நான்கு அளவு, ஒவ்வொன்றிலும் 250 கலோரி என்று அதில் அச்சிட்டிருக்கிறது. முழு டப்பாவையும் சாப்பிட்டால் எத்தனை கலோரி? சிற்றுண்டியில் 60 கிராம் மாவுச்சத்து வரை சேர்த்துக்கொள்ளலாம் என்றால் எவ்வளவு ஐஸ்கிரீம் சாப்பிடலாம்? பென்சிலின், நிலக்கடலை, ரப்பர் கையுறை, தேனீக்கடி ஆகியவை உங்களுக்கு ஒவ்வாது என்று வைத்துக்கொள்வோம், இதைச் சாப்பிடலாமா? கூடாதென்றால் ஏன்? இப்படி ஆறு கேள்விகள், ஏறத்தாழ மூன்று நிமிடம். நான்கு அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னவர் தேறிவிட்டார். ஒன்றோ பூஜ்யமோ வாங்கியவர் மருத்துவத் தாள்களைப் படித்துப் புரிந்துகொள்வதில் பின்தங்கியவராக இருக்க வாய்ப்பு அதிகம் என்று குறித்துக்கொள்வார்கள்.

அமெரிக்க மருத்துவர் பேரி வைஸும் அவர் குழுவினரும் 2005இல் வெளியிட்ட சோதனை இது. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், உடல் வெப்பம் பார்ப்பதோடு இதையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் ‘நியூவெஸ்ட் வைட்டல் சைன்’ என்று பெயர் வைத்தார்கள். பிறந்தபோது ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் இருந்தது. பிறகு பல மொழிகளுக்குப் போயிற்று, அரபிக்கும். 2015இல் ஈராக்கியர்களிடையே இந்த வகைச் சோதனைகளின் அரபி வடிவங்களை வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு.

பாக்தாதில் அறுபது வயதுப் பெண் ஒருவரிடம் அந்தச் சீட்டை நீட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஒரு மதிப்பெண் வாங்குகிறார். நாம் அளந்தது எதை? தன் உடலைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய திறனையா, சதவீதக் கணக்கையா, டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கத்தையா, அல்லது வீட்டில் ஒருநாளும் பேசாத ஒரு மொழியைப் படிக்கும் திறனையா? ஆறு கேள்விகளும் இந்த நான்கையும் பிரித்துச் சொல்லாது. அரபி பேசும் நோயாளிகளின் சுகாதார எழுத்தறிவை, அதாவது மருத்துவத் தகவலைப் புரிந்து பயன்படுத்தும் திறனை, அளப்பது பற்றிய ஆய்வுகளில் பாதிச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

இதை அளந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். சுகாதார எழுத்தறிவு குறைந்தவர்கள் அடிக்கடி மருத்துவமனையில் சேர்கிறார்கள், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அதிகம் போகிறார்கள், தடுப்பூசியும் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையும் குறைவாகவே எடுத்துக்கொள்கிறார்கள், முதியவர்களிடையே இறப்பு விகிதமும் கூடுதல் என்று 2011இல் வெளிவந்த பெரிய மதிப்பாய்வு ஒன்று தொகுத்துச் சொன்னது. எனவே அளப்பது வீண்வேலை அல்ல. எதைக்கொண்டு அளக்கிறோம் என்பதில்தான் தகராறு.

முதல் அளவுகோல்களில் ஒன்று லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் உருவானது. டெர்ரி டேவிஸும் சக ஆய்வாளர்களும் 1991இல் வெளியிட்ட அந்தச் சோதனை ‘ரெல்ம்’ என்று அழைக்கப்படுகிறது. மருத்துவச் சொற்கள் அடங்கிய பட்டியலை நோயாளி உரக்க வாசிக்க வேண்டும். பொருள் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. 1993இல் பட்டியல் 66 சொற்களாகச் சுருங்கியது. 61 அல்லது அதற்கு மேல் சரியாக உச்சரித்தால் உயர்நிலைப் பள்ளி அளவு, 18 அல்லது அதற்குக் கீழே என்றால் மூன்றாம் வகுப்பு அளவு அல்லது அதற்கும் கீழ்.

உச்சரிப்பை வைத்து அறிவை அளப்பது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் ஆங்கிலத்தில் இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. அந்த மொழியின் எழுத்துக்கூட்டலுக்கு ஒழுங்கு கிடையாது. ‘ஃபட்டீக்’ என்ற சொல்லை முன்பின் சந்திக்காதவர் அதன் எழுத்துகளைப் பார்த்துச் சரியாக உச்சரிப்பது கடினம். சரியாகச் சொன்னார் என்றால் எங்கோ படித்திருக்கிறார், கேட்டிருக்கிறார். ஸ்பானிய மொழியில் இந்த நியாயம் செல்லாது. எழுத்து எப்படியோ ஒலியும் அப்படியே. அதனால் ஸ்பானியத்துக்கென்று 2006இல் வந்த சோதனையில், 50 சொற்களை வாசித்த கையோடு ஒவ்வொன்றுக்கும் பொருளில் நெருங்கிய சொல்லைத் தேர்ந்தெடுக்கவும் சொன்னார்கள். தமிழுக்கும் அந்த வழிதான் பொருந்தும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ‘கல்லீரல் இழைநார் வளர்ச்சி’ என்பதைத் தங்குதடையின்றி வாசித்துவிடும்.

அரபியில் நிலைமை இரண்டுங்கெட்டான். அரபி எழுத்தில் மெய்களும் நெடில்களும்தான் வரிக்குள் இருக்கும். குறில்களைக் காட்டும் சிறு குறிகளை எழுத்தின் மேலும் கீழும் இடலாம். அன்றாட அச்சில் இடுவதில்லை. ஐன், லாம், மீம் என்ற மூன்று எழுத்துகள் சேர்ந்து நின்றால் அது ‘இல்ம்’ ஆகலாம், அறிவு. ‘அலம்’ ஆகலாம், கொடி. ‘அல்லம’ ஆகலாம், கற்பித்தான். எது என்று வாக்கியம்தான் சொல்ல வேண்டும். சொற்பட்டியலில் வாக்கியமே இல்லை. ஆக, குறிகளை இட்டுக் கொடுத்தால் அரபி ஸ்பானியம் மாதிரி ஆகிவிடுகிறது, பொருள் தெரியாமலே வாசிக்கலாம். குறிகளை எடுத்துவிட்டால் ஆங்கிலத்தையும் மிஞ்சுகிறது, சொல் முன்பே தெரிந்திருந்தால்தான் வாசிக்க முடியும். ஒரே பட்டியல், ஒரே நோயாளி. அச்சுக்கோப்பவர் குறி இட்டாரா இல்லையா என்பதைப் பொறுத்து மதிப்பெண் மாறும். குர்ஆனும் குழந்தைகள் புத்தகங்களும் முழுக் குறிகளோடு அச்சாகின்றன. செய்தித்தாளும் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளும் குறியின்றி வருகின்றன. குர்ஆனை வைத்தே எழுத்துப் பழகிய ஒரு பாட்டி முதல் வகைத் தாளில் ஒரு மாதிரியும் இரண்டாவதில் வேறு மாதிரியும் தெரிவார்.

வாசிப்பதும் புரிவதும் வேறு என்பதற்கு அமெரிக்காவிலேயே நல்ல சான்று இருக்கிறது. அதே டேவிஸின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில் நோயாளிகளிடம் மருந்துப் புட்டிகளைக் காட்டினார்கள். ஒன்றில் ‘இரண்டு மாத்திரை, நாளைக்கு இரண்டு வேளை’ என்று இருந்தது. எழுத்தறிவு குறைந்தவர்களில் 71 சதவீதம் பேர் அதைச் சரியாக வாசித்தார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று எண்ணிக் காட்டச் சொன்னபோது 35 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. சொந்த மொழியில், நான்கு என்ற எண்ணில்.

சொந்த மொழி என்றேன். அரபிக்காரருக்கு அது எது? சார்ல்ஸ் ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு மொழிகள் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் எடுத்துக்காட்டிய நான்கு மொழிகளில் அரபி ஒன்று. எழுத்துக்கும் செய்திக்கும் மேடைக்கும் ‘ஃபுஸ்ஹா’. வீட்டுக்கும் சந்தைக்கும் அந்தந்த ஊரின் ‘ஆம்மிய்யா’. ஃபுஸ்ஹாவைத் தாய்மொழியாகப் பேசி வளரும் குழந்தை எங்கும் இல்லை, பள்ளியில்தான் அது கிடைக்கும். எலினோர் சையக்-ஹத்தாத், பெர்னார்ட் ஸ்போல்ஸ்கி இருவரும் பாலஸ்தீன அரபி பேசும் ஐந்து வயதுக் குழந்தைகளின் சொற்களைத் தொகுத்து ஆராய்ந்து 2014இல் எழுதினார்கள். அவற்றில் எழுத்து வழக்கிலும் அப்படியே இருக்கும் சொற்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். ஐந்தில் இரண்டு பங்கு உருமாறி நின்றது. மீதி ஐந்தில் இரண்டு பங்குக்கு எழுத்து மொழியில் முற்றிலும் வேறு சொல்.

நமக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. ‘எனக்கு சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு’ என்று சொல்லும் அதே அம்மாவின் கையில் ‘நீரிழிவு’, ‘உயர் இரத்த அழுத்தம்’ என்று அச்சிட்ட தாளைக் கொடுக்கும் ஊர் நம்முடையது. அரபு நாடுகளிலும் நோயாளி தனக்கு ‘சுக்கர்’ இருக்கிறது, ‘தக்த்’ இருக்கிறது என்றுதான் சொல்கிறார். சர்க்கரை, அழுத்தம் என்பதே சொற்பொருள். தாளில் இருப்பது அவற்றின் நீண்ட பட்டம் கட்டிய வடிவம். வேறுபாடு என்னவென்றால், தமிழில் பேச்சு வழக்குகள் பல என்றாலும் ஒன்றைப் பேசுபவருக்கு இன்னொன்று ஓரளவு புரிந்துவிடும். மொராக்கோவின் பேச்சு பாக்தாதுக்காரருக்குப் பிடிபடுவது கடினம். அதனால் ‘அரபி வடிவம்’ என்று ஒன்றைத் தயாரித்து அரபு லீகின் 22 நாடுகளுக்கும் அனுப்ப வேண்டுமானால் அது ஃபுஸ்ஹாவில்தான் இருக்க முடியும். எல்லோருக்கும் பொதுவானது என்பதாலேயே அது யாருடைய வீட்டு மொழியும் அல்ல.

இதற்கு மேல் மருத்துவர்களின் மொழி வேறு. எகிப்தில் முகம்மது அலியின் ஆட்சியில் 1827இல் அபூ ஸாபலில் தொடங்கிய மருத்துவப் பள்ளி அரபியில்தான் கற்பித்தது. பிரிட்டிஷ் ஆக்கிரமிப்புக்குப் பின் அங்கே ஆங்கிலம் வந்தது. 1919இலிருந்து அரபியில் மருத்துவம் சொல்லித்தரும் டமாஸ்கஸ் இன்று விதிவிலக்கு. வளைகுடாவிலும் ஜோர்டானிலும் ஆங்கிலம், மொராக்கோ முதலான மக்ரிப் நாடுகளில் ஃபிரெஞ்சு. நோயை ஒரு மொழியில் படித்த மருத்துவர், நோயாளியிடம் இன்னொன்றில் பேசி, மூன்றாவதில் அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்து அனுப்புகிறார். எகிப்திய மருந்துச் சீட்டில் மருந்தின் பெயர் ஆங்கிலத்திலும் சாப்பிடும் முறை அரபியிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பது சாதாரணம்.

எண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்தில் உயிர்போகும் இடம் அதுதான். மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியாவில் நாம் எழுதும் அதே எண்கள். எகிப்திலிருந்து கிழக்கே போகப்போக வேறு எண்வரிசையும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் பூஜ்யம் வெறும் புள்ளி. ஐந்து ஒரு சிறு வளையம். ஒன்று என்பது இங்கும் அங்கும் நெட்டைக் கோடுதான். ஆகவே அந்த முறையில் எழுதிய 15, அதை அறியாத கண்ணுக்கு அச்சாக 10. இன்சுலின் ஊசியிலும் சர்க்கரை பார்க்கும் கருவியிலும் பெரும்பாலும் நம் எண்கள். முதியவரின் நோட்டுப்புத்தகத்தில் அவர் பள்ளியில் படித்த எண்கள். வளைகுடா மருத்துவமனைகளில் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் போன செவிலியர்கள் நிறையப் பேர். அங்கே 15ஐ 10 என்று படிப்பவர் நோயாளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் சுகாதார எழுத்தறிவு மதிப்பெண் ஒருவருக்கு மட்டும்தான் போடப்படுகிறது.

1995இல் வந்த ‘டோஃப்லா’ என்ற சோதனை ரெல்மைவிட நேர்மையானது என்பது என் எண்ணம். உண்மையான மருத்துவமனைத் தாள்களை எடுத்து, நடுநடுவே சொற்களை நீக்கிவிட்டு, பொருந்தும் சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. 50 கோடிட்ட இடங்கள், 17 எண் கேள்விகள், 22 நிமிடம் வரை ஆகும். ஆனால் அந்தத் தாள்களில் ஒன்று மெடிக்கெய்டு பற்றியது. அது வருமானம் குறைந்தவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு. எந்த அரபு நாட்டிலும் கிடையாது. அப்படியே மொழிபெயர்த்தால் வாசிப்பவருக்கு வேற்றுக்கிரகச் சட்டம். உள்ளூர்த் திட்டம் ஒன்றை வைத்து மாற்றி எழுதினால் அது வேறு சோதனை, பழைய தேர்ச்சி மதிப்பெண் இதற்குச் செல்லுமா என்று மறுபடி பார்க்க வேண்டும். அரபி இலக்கணமும் தன் பங்குக்குக் காட்டிக்கொடுக்கும்: வினைச்சொல்லில் பால், எண் ஒட்டிக்கொண்டிருப்பதால், நான்கு விடைகளில் வாக்கியத்தோடு இயையாதவற்றைப் பொருள் புரியாமலே கழித்துவிடலாம்.

டோஃப்லாவில் இன்னொரு கேள்வி. வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் போட வேண்டிய மாத்திரை. நீங்கள் மதிய உணவை 12 மணிக்குச் சாப்பிடுபவர். மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுவீர்கள்? பதினொன்று. இதற்கு விடை சொல்லத் தெரிந்த ஒருவர் ரமலான் மாதத்தில் என்ன செய்வார்? அந்த மாதத்தில் மதிய உணவே இல்லை. விடியலுக்கு முன் சஹர், அந்தி சாய்ந்ததும் இஃப்தார், நடுவே தண்ணீரும் இல்லை. 2001இல் 13 நாடுகளில் 12,000க்கு மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ‘எபிடியார்’ ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளில் ஏறத்தாழ 79 சதவீதமும் முதல் வகையினரில் 43 சதவீதமும் குறைந்தது 15 நாள் நோன்பிருந்தது தெரியவந்தது. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது மற்ற மாதங்களைவிட முதல் வகையினருக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கும் இரண்டாம் வகையினருக்கு ஏழரை மடங்கும் கூடியது. காலை மருந்தை எந்த வேளைக்கு மாற்றுவது, எந்த அளவைக் குறைப்பது, எப்போது நோன்பை முறித்தே ஆக வேண்டும்? கெய்ரோவிலோ அம்மானிலோ உள்ள சர்க்கரை நோயாளிக்கு வேண்டிய சுகாதார எழுத்தறிவு இதுதான். ஐஸ்கிரீம் சீட்டு இதைக் கேட்காது. கேட்கும் சோதனை ஒன்றை அங்கேயே புதிதாக எழுதுவது, இருப்பதை மொழிபெயர்ப்பதைவிடக் கடினம், ஆனால் அதுதான் உருப்படியான வேலை.

இந்தத் தொல்லைகளைப் பார்த்துச் சிலர் வேறு பாதையில் போனார்கள்: சோதிக்க வேண்டாம், நோயாளியையே கேட்போம். ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுக்காக உருவான 47 கேள்விகள், பிறகு 16 ஆகச் சுருங்கின. ஒவ்வொன்றும் ‘இது உங்களுக்கு எவ்வளவு எளிது, எவ்வளவு கடினம்’ என்ற வகை. இந்தச் சிறு வடிவம் அரபியிலும் உண்டு. ஸ்வீடனில் யோசெஃபின் வாங்டாலும் சக ஆய்வாளர்களும், ஸ்வீடிஷ் மொழி வகுப்புகளில் இருந்த அகதிகளிடம் அரபி, சோமாலி, தாரி மொழிகளில் கேட்டு 2014இல் எழுதினார்கள். பெரும்பாலோர் போதிய அளவுக்குக் கீழேதான் இருந்தார்கள்.

அதில் ஒரு கேள்வி, இன்னொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்க வேண்டிய நேரம் எது என்று தீர்மானிப்பது எளிதா என்பது. அலெப்போவில் பத்து மருத்துவர்களின் பெயர்ப்பலகை தொங்கும் தெருவில் நினைத்த கதவைத் தட்டிப் பழகியவருக்கு அது கேள்வியே அல்ல. ஸ்வீடனில் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் முறைப்படி நகர வேண்டும். ‘மிகவும் கடினம்’ என்று அவர் குறித்தால் அது அவருடைய குறையா, வந்து சேர்ந்த நாட்டின் அமைப்பா? வினாத்தாள் இரண்டையும் ஒரே கட்டத்தில்தான் போடும்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. கடினமானதை எளிது என்று குறிப்பவர்கள். அட்லாண்டாவின் பொது மருத்துவமனை ஒன்றில் நடந்து 1996இல் வெளிவந்த ஆய்வு, படிக்கச் சிரமப்படுவதாக ஒப்புக்கொண்ட நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் அதைத் தம் கணவரிடமோ மனைவியிடமோகூடச் சொன்னதில்லை என்று காட்டியது. துணையிடம் மறைத்ததை அறிமுகமில்லாத ஆய்வாளரிடம் யார் சொல்வார்? 2024 கணக்கெடுப்பின்படி மொராக்கோவில் எழுதப்படிக்கத் தெரியாதவர் ஏறத்தாழ நான்கில் ஒருவர். 2014இல் மூன்றில் ஒருவராக இருந்தது. இவர்களிடம் வினாத்தாளைக் கொடுக்கவே முடியாது, வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்துக் காட்டுகிறவர் ஃபுஸ்ஹாவிலேயே வாசித்தால் புரியாது. உள்ளூர்ப் பேச்சில் மாற்றிச் சொன்னால் ஒவ்வொரு ஆய்வாளரும் ஒவ்வொரு கேள்வியைக் கேட்டதாக ஆகும். பக்கத்தில் மகளோ மருமகளோ உட்கார்ந்திருந்தால் பதில் அவரிடமிருந்து வரும். அதைப் பிழை என்று கழிப்பது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாத்திரையை எடுத்துக்கொடுப்பதும் தாளைப் படிப்பதும் மகள்தான் என்றால், அந்த வீட்டின் சுகாதார எழுத்தறிவு மகளிடம் இருக்கிறது.

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க ஒரு வழக்கமான முறை உண்டு. ஒருவர் அரபிக்குக் கொண்டுபோவார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவார், இரண்டையும் ஒப்பிடுவார்கள். 1970இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் எழுதியதிலிருந்து உலகெங்கும் இதுதான் நடைமுறை. அரபியில் இது ஏமாற்றும். இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும் பல்கலைக்கழகம் போனவர்கள்; ஒருவர் எழுதிய கடினமான ஃபுஸ்ஹாவை இன்னொருவர் சிரமமின்றிப் படித்துக் கச்சிதமாக ஆங்கிலமாக்கிவிடுவார். நடுவில் நோயாளி வரவேயில்லை. அதனால் அக்கறையுள்ள குழுக்கள் பத்துப் பதினைந்து நோயாளிகளை உட்கார வைத்து, ‘இந்தக் கேள்வி என்ன கேட்கிறது, உங்கள் வாயால் சொல்லுங்கள்’ என்று கேட்கிறார்கள். பிறகு, ஒட்டுமொத்த மதிப்பெண் சமமாக உள்ள ஈராக்கியரும் எகிப்தியரும் ஒரு குறிப்பிட்ட கேள்வியில் மட்டும் பிரிகிறார்களா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிரிந்தால் கோளாறு கேள்வியில். இந்த வேலையை விட்டுவிட்டு, அரிசோனாவில் ஆங்கிலம், ஸ்பானியம் பேசுவோரிடம் டோஃப்லாவோடு ஒப்பிட்டு நிர்ணயித்த, ஐஸ்கிரீம் சீட்டின் ‘ஆறுக்கு நான்கு’ என்ற கோட்டை அப்படியே அரபு நாட்டுக்கு எடுத்துப்போய், இத்தனை சதவீதம் பேர் தேறவில்லை என்று அறிக்கை எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நோயாளியை விட்டுவிட்டுத் தாளை அளப்போம் என்பது இன்னொரு தரப்பு. ஆங்கிலத்தில் இது எளிது: வாக்கியத்தின் நீளம், சொல்லின் அசைகள் இரண்டையும் எண்ணி இது இத்தனையாம் வகுப்புக்குரிய நடை என்று சொல்லும் சூத்திரங்கள் எத்தனையோ. அரபியில் அசையை எண்ணப் போனால் மறுபடியும் அந்தக் குறில் குறிகள் இல்லாத குறை. அச்சில் இல்லாத உயிரொலியை எப்படி எண்ணுவது? மேலும் ‘அதை அவர்கள் எழுதுவார்கள்’ என்பதெல்லாம் ஒரே சொல்லாக ஒட்டி நிற்கும் மொழியில் நீளமான சொல் கடினமான சொல்லாக இருக்க வேண்டியதில்லை. தமிழ் வாசகருக்கு இது தெரிந்த கதை. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் மஹ்மூத் எல்-ஹாஜும் பால் ரேசனும் 2016இல் ‘ஒஸ்மான்’ என்ற கணினிக் கருவியை வெளியிட்டார்கள். அது அரபி உரைக்குக் குறிகளைத் தானே இட்டுக்கொண்டு அசைகளை எண்ணும். மருத்துவமனைத் தாள் ஒன்றை அதில் போட்டால் வாக்கியம் கடினமா எளிதா என்று ஓர் எண் கிடைக்கும். அதில் உள்ள சொல் நோயாளியின் வீட்டில் புழங்குகிறதா என்பது கிடைக்காது. அதற்கு நோயாளிகள் வாயால் சொல்லும் நோய்ப்பெயர்களையும் உறுப்புப் பெயர்களையும் வேளைகளையும் தொகுக்க வேண்டும். கெய்ரோவுக்கு ஒரு பட்டியல், பாக்தாதுக்கு ஒன்று, காசாப்ளாங்காவுக்கு இன்னொன்று.